கோடு போட்ட டிசம்பர்

டிசம்பர் பூவில் நல்ல ரகம் வேண்டுமென்றால் நிறையக் கொல்ல வேண்டும். விதை விழுந்து முளைக்கிற நூறு கன்றில் தொண்ணூற்றைந்தைப் பிடுங்கி எறியலாம் என்று மனம் துணிந்த பிறகுதான் என் கொல்லை தோட்டம் என்று சொல்லும்படி ஆயிற்று. அதற்கு எனக்கு நான்கு வருஷம் பிடித்தது. முதல் மூன்று வருஷமும் எல்லாவற்றையும் வளர்த்தேன். எல்லாம் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்தன.

திருவனந்தபுரத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை விட்ட பிறகு விடியற்காலையில் மின்விசிறியை ஒரு எண் குறைப்போம், அவ்வளவுதான். அந்த ஒரு எண்ணுக்கு இந்தச் செடி பூக்கிறது. சாதாரண ஊதா ஐப்பசியிலேயே அவசரப்பட்டு ஆரம்பித்து மார்கழி பாதியில் தீர்ந்துவிடும். வெள்ளை நன்றாக இருக்கும், ஆனால் ஒரு மழை பட்டால் மறுநாள் அழுக்குத் துணி. ரோஸ் நிறத்துக்கு உயரம் அதிகம், இலை குறைவு, காற்றில் மல்லாந்துவிடும். நான் தேடியது தாமதமாகத் தொடங்கித் தை கடைசிவரை நிற்கிற ஒன்றை.

அது கிழக்கேகோட்டையில், இடிக்கப்போகிற ஒரு வீட்டின் பின்புறத்தில் கிடைத்தது. ஒரு ஊதாச் செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் ஒவ்வொரு இதழிலும் நடுவே வெள்ளைக் கோடு போட்டுப் பூத்திருந்தது. அந்தக் கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டு வந்தேன். மறுவாரம் அந்த இடத்தில் செங்கல் குவியல்தான் இருந்தது.

கோடு போட்ட ரகத்தை விதையில் நம்ப முடியாது. குச்சி வெட்டித்தான் வைக்க வேண்டும். குச்சியிலும் வஞ்சகம் உண்டு. திடீரென்று ஒரு கிளை கோட்டை மறந்து முழு ஊதாவாகப் பூக்கும். அந்தக் கிளைதான் தடிப்பாக இருக்கும், வேகமாக வளரும். விட்டுவைத்தால் இரண்டு வருஷத்தில் செடி முழுவதும் ஊதா. எனவே பலமானதைப் பார்த்தவுடன் அடியோடு வெட்ட வேண்டும். ஏழு வருஷம் இப்படி வெட்டி, குச்சியிலிருந்து குச்சி எடுத்து, போன கார்த்திகையில் என்னிடம் மூன்று செடி இருந்தது. கோடு நேராக விழுகிற, தை கடைசிவரை பூக்கிற மூன்று. எனக்குத் தெரிந்து அந்தக் கோடு வேறெங்கும் இல்லை. குச்சி கேட்டு வந்த நாலைந்து பேருக்கு "இன்னும் நிலைக்கவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நிலைத்திருந்தது. கொடுக்க மனம் வரவில்லை, அதுதான் காரணம்.

நான் பத்திரிகையில் முப்பது வருஷம் இருந்தவள். முதல் ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலும் போலீஸ் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசியும்தான் என் இடம். வெட்டு, குத்து, விபத்து. ஆயுதத்தின் நீளம், காயத்தின் இடம், நேரம், சொன்னது யார். மீதி வருஷங்கள் மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய வெட்டு குத்துகளைச் சுருக்கினேன். ஓய்வுக்குச் சில வருஷம் முன்பு வலியசாலை அக்ரகாரத்தில் இந்த வீட்டை வாங்கினேன். நான் நாகர்கோவில் பக்கம், மீன் சாப்பிடுகிறவள். தெருவில் பலருக்கு அது பிடிக்கவில்லை. விற்றவர் விற்றுவிட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முன்புறம் குறுகல், பின்னால் நீளமான கொல்லை, இரண்டு கொல்லைக்கும் நடுவே தோள் உயர வெட்டுகல் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாமாவும் மாமியும். மாமா அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. ஒன்பது வருஷம் முன்பு அவர்களுடைய ஒரே மகன் பைக்கிலிருந்து விழுந்து பத்தொன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தான். அப்போது மாமா கோயிலில் நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் இனி எந்த உயிரையும் கொல்வதில்லை, தன் வீட்டு எல்லைக்குள் கொல்ல விடுவதுமில்லை. மகன் பிழைத்தான். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான், லேசாகக் கால் இழுப்பான். அந்த வீட்டில் கொசுவர்த்தி கொளுத்துவதில்லை. கரப்பான்பூச்சியை முறத்தில் ஏந்திக்கொண்டு மாமி வாசலுக்குப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் மழையோடு ஆப்பிரிக்க நத்தை வந்தது. எங்கள் ஊரில் நத்தையை ஒச்சு என்பார்கள். இது சாதாரண ஒச்சு இல்லை. கைமுட்டி அளவு, காபிப்பொடி நிறத்தில் வரிவரியாக ஓடு. பகலில் கல்லிடுக்கில் இருக்கும். மழை ஈரத்தில் விடியும் நேரம் வெளியே வந்து கிடைத்ததையெல்லாம் தின்னும். பப்பாளித் தண்டு, வாழைக்குருத்து, சுவர்ச் சுண்ணாம்பு. டிசம்பர் செடியில் இலையை முடித்தபின் பட்டையைச் சுரண்டும். பட்டை போன கிளை இரண்டு நாளில் வாடிவிடும்.

விவசாய அலுவலகத்தில் புகையிலைக் கஷாயமும் துரிசு என்கிற மயில்துத்தக் கரைசலும் தெளிக்கச் சொன்னார்கள். தெளித்தேன். செத்தவை சில, மற்றவை சுற்றிக்கொண்டு வந்தன. பிறகு நான் கையில் எடுத்துக்கொண்டேன். ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளி இலை போட்டு வைத்தால் இரவில் வந்து கூடும். காலை ஆறு மணிக்குச் சாக்கைத் தூக்கி, பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுவேன்.

நத்தை சாகும்போது சத்தம் போடும் என்று எனக்கு முன்பு தெரியாது. உப்பு பட்டதும் ஓட்டுக்குள்ளிருந்து காற்று வெளியேறும். நனைந்த ரப்பர் செருப்பை மிதித்தது போல இருக்கும். பிறகு பச்சையும் மஞ்சளுமாக நுரை. ஐம்பது நத்தை ஒரே வாளியில் நுரைக்கும்போது வாளி மூச்சுவிடும். முதல் நாள் வாளியை மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். நாலாம் நாள் வாளியைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன். உப்பில் சாகாத பெரியவற்றைத் துவைக்கிற கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். ஓடு உடைகிற சத்தம் அடுத்த தெருவரை கேட்கும் என்று பின்னால் சொன்னார்கள்.

மாமா மதிலுக்கு அந்தப் பக்கம் துளசிக்குத் தண்ணீர் விடுவார்.

"இன்னிக்கு எத்தனை?"

"அறுபத்தெட்டு."

"சிவ சிவா" என்று திரும்பிக்கொள்வார். மறுநாளும் கேட்பார்.

எண்ணிக்கையைப் பழைய டைரியில் எழுதி வந்தேன், தொழில் பழக்கம். அறுபத்தெட்டு, ஐம்பத்தொன்று, நாற்பது, இருபத்திரண்டு, ஒன்பது. போர் முடிந்தது என்று நினைத்தேன். ஆறாம் நாள் ஐம்பத்தேழு. மழை கூடவில்லை. மீண்டும் குறைந்து பன்னிரண்டுக்கு வந்தது. திரும்ப நாற்பத்து மூன்று. நான் மேசையில் இருந்தபோது எண்கள் இப்படி ஏறி இறங்கினால் நிருபரைக் கூப்பிட்டு, நடுவில் யார் கை வைத்தது என்று கேட்பேன். இங்கே கேட்க ஆளில்லை. சாக்கின் இடத்தை மாற்றினேன், முட்டை தேடி மண்ணைக் கிளறினேன். பின்பக்க ஓடையைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டை நினைக்கவில்லை. கொல்லவே மாட்டேன் என்றவரை நான் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. ஆறு நாற்பதுக்கு நான் மூன்று செடிகளிடம் போனபோது அவற்றின் மேல் மட்டும் பதினொரு நத்தை. நடுச்செடியில் ஒரு கிளை தோலுரிந்து வெள்ளையாக நின்றது. முதல் மொக்குகள் அந்தக் கிளையில்தான் இருந்தன. ஒரு நத்தையைப் பிடுங்கி எடுத்தேன். ஓட்டின் மேல், நடுவில், சந்தனப் பொட்டு. விரல் நுனி அளவு. மழையில் பாதி கரைந்திருந்தாலும் சந்தனம்தான்; முகர்ந்து பார்த்தேன். பதினொன்றில் ஏழுக்குப் பொட்டு இருந்தது.

மாமா பூஜைக்குச் செம்பருத்தி பறித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இங்க வாருங்க."

"என்ன, காலம்பறவே?"

"இது யாருக்க ஒச்சு?"

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஒச்சுக்கு யாராக்கும் உடமஸ்தன்? பகவான்தான்."

"பகவான் பொட்டு வச்சா அனுப்புதாரு?"

அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "நாந்தான் வெச்சேன். திரும்பி வரதான்னு தெரியணுமே. மொதல்ல ஓடைப் பக்கம் விட்டேன், மூணாம் நாள் வந்துடுத்து. உங்காத்துக் கொல்லையில விட்டா வரலை, கேட்டேளா."

"எப்படி வரும்? நான் கொன்னுல்லா போடுதேன்!"

"அதில்லை. உங்காத்துல தின்ன இருக்கு. எங்காத்துல துளசியும் ரெண்டு செம்பருத்தியும். பாவம், பசிச்சா அதுகள் எங்க போகும்? வயறு நெறயட்டும்னுதான்."

"நான் கொல்லுது தெரிஞ்சும் விட்டிய."

"நான் விட்டேன். கொன்னது நீங்க. அது உங்களுக்கும் பகவானுக்கும் நடுவுல. அதுல நான் வரலை." பூக்கூடையை மதில்மேல் வைத்தார். "மீன் திங்கறவாளுக்கு ஒச்சுல என்ன பெரிய வித்தியாசம்?"

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதுபோலச் சொன்னார். பொட்டு இருந்த ஏழு நத்தையையும் நான் அவர் பார்க்கும்படி துவைக்கிற கல்லில் வரிசையாக வைத்தேன். சுத்தியலை எடுத்தேன்.

"ஒண்ணு" என்று சத்தமாகச் சொல்லி அடித்தேன். ஓடு தெறித்து என் புடவையில் பட்டது. "ரெண்டு."

"நிறுத்துங்கோ! என் கண்ணுக்கு முன்னால பண்ணப்படாது!"

"கண்ணை மூடிக்கிடுங்க. மூணு."

பின்பக்கச் சந்தின் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும், பூட்டியிருக்காது. மாமா அந்த வழியாக ஓடி வந்தார். எழுபத்தொரு வயதுக்காரர் ஓடுவதை நான் எதிர்பார்க்கவில்லை. வந்ததும் என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். பிடி பலமாக இருந்தது. அன்று மாலைவரை நான்கு விரல் தடம் தெரிந்தது. நான் இழுத்தேன். அவர் விடவில்லை. இடது கையால் அவர் நெஞ்சைத் தள்ளினேன். அவர் ஒரு கையால் மிச்சமிருந்த நத்தைகளை மடியில் வாரினார். அப்போது அவர் பிடி தளர்ந்தது, என் கை விடுபட்டது.

இழுபறியில் சுத்தியல் பட்டுவிட்டது என்று எழுதலாம். படிக்கிறவர்களும் நம்புவார்கள். கை விடுபட்டதற்கும் சுத்தியல் இறங்கியதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. நான் அடித்தேன். தலையில் படாமல் தோளில் படட்டும் என்று குறிவைத்தேனா என்று கேட்டால், இல்லை. இடது புருவத்துக்கு மேலே, இரும்பு முனையின் விளிம்பு. ஓடு உடைகிற சத்தம் வரவில்லை. ஈரத் துணியை அறைந்த சத்தம்.

மாமா கல்லின்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் ரத்தம் வந்தது. புருவத்திலிருந்து கண்ணுக்கு, கன்னத்துக்கு, பூணூலுக்கு. மடியிலிருந்த நத்தைகள் உருண்டு விழுந்தன. அவர் கையால் தொட்டுப் பார்த்து, விரலைப் பார்த்து, "நீங்க என்னை அடிச்சுட்டேள்" என்றார். எனக்குத் தெரியாத ஒரு செய்தியை எனக்குச் சொல்வதுபோல.

அப்போது மாமி வந்தாள். கையில் தேங்காய் உரிக்க வைத்திருக்கும் வெட்டுக்கத்தி. நான் பல வருஷம் வெட்டுக்கத்தியின் நீளத்தை அங்குலத்தில் எழுதியவள். அதற்கு எதிரில் நான் நின்றது அதுதான் முதல்முறை. மாமி புருஷனின் நெற்றியைப் பார்த்தாள், என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். என்னைத் தாண்டிப் போனாள்.

"இதுக்காகவா?" என்று கேட்டு முதல் செடியில் இறக்கினாள். அடித்தண்டு கட்டைவிரல் பருமன், ஒரே வெட்டு. "ஒரு வாசமில்லாத பூவுக்காகவா?" இரண்டாவதுக்கு மூன்று வெட்டு பிடித்தது. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தாள், உதடு கிழிந்தது. மூன்றாவது செடியை வெட்டும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. தரையோடு தரையாக நாலு விரல் கட்டை மட்டும் மிஞ்சும்வரை கொத்தினாள். ஏழு வருஷம் அரை நிமிஷத்தில் முடிந்தது. நேரத்தை நான் மிகைப்படுத்தவில்லை.

பிறகு கத்தியைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையைச் சுருட்டி மாமாவின் நெற்றியில் அழுத்தினாள். "ஆட்டோ கூப்பிடு" என்றாள் என்னிடம்.

வெட்டிய கிளைகள் ஈர மண்ணில் கிடந்தன. ஒரு மணி நேரத்துக்குள் குச்சிகளாக வெட்டி மணலில் நட்டால் வேர் பிடிக்க வாய்ப்பு உண்டு. வெயில் ஏறினால் இல்லை. ரத்தம் கொட்டுகிற மனிதரை முன்னால் வைத்துக்கொண்டு நான் அதைத்தான் யோசித்தேன். தெருமுனைக்கு ஓடி ஆட்டோ கொண்டுவந்தேன். மாமி ஏற வந்து, படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டாள். "நீ கூடப் போ. அடிச்சவளே கொண்டுபோ" என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். ஒருவருக்கு நெற்றி, ஒருத்திக்கு உதடு. "ரெண்டு பேரும் ஒரே வீடா?" என்று கேட்டார்.

"பக்கத்து வீடு" என்றார் மாமா.

"அதான்" என்று அவர் வேகத்தைக் கூட்டினார்.

அவசரப் பிரிவின் வாசல் மாறியிருந்தது, வரிசை மாறவில்லை. இளம் டாக்டர் பெண் காயத்தைத் துடைத்துக்கொண்டே மலையாளத்தில் கேட்டாள், "எந்து பற்றி அப்பூப்பா?" என்ன ஆயிற்று தாத்தா என்கிறாள்.

நான் பதிலுக்குத் தயாரானேன். பெயர், வயது, ஆயுதம், நேரம், அடித்தவர். எல்லாம் வரிசையாக வாயில் நின்றது.

"குளிமுறியில் கால் வழுதி வீணதா, மோளே" என்றார் மாமா. குளியலறையில் வழுக்கி விழுந்தாராம். டாக்டர் என் உதட்டைப் பார்த்தாள். "பிடிக்கப் போய் இவளும் விழுந்தா" என்று சேர்த்துக்கொண்டார். ஆறு தையல். ஒவ்வொன்றுக்கும் அவர் என் புடவை ஓரத்தைப் பிடித்து முறுக்கினார். வேறு பிடிக்க எதுவும் பக்கத்தில் இல்லை.

மருந்துச் சீட்டுக்காக வெளியே காத்திருந்தபோது கேட்டேன். "எதுக்கு மாமா பொய் சொன்னிய?"

"நான் கொல்லமாட்டேன்னுதான் நேர்ந்துண்டேன். பொய் சொல்லமாட்டேன்னு இல்லை." வீங்கிய கண்ணைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. "கேஸாச்சுன்னா எதுக்கு அடிச்சான்னு கேப்பா. ஒச்சை எறிஞ்சேன்னு சொல்லணும். தெரு சிரிக்கும். புள்ளைக்கு போன் போகும்."

"நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் முந்திண்டேன்."

பதினொன்று இருபதுக்குத் திரும்பினோம். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெட்டிய கிளைகள் சுருண்டு கிடந்தன. இருந்தும் குவியலின் அடியில் கொஞ்சம் ஈரமாக இருந்தவற்றிலிருந்து முப்பத்து நான்கு குச்சி தேறியது. மணலில் நட்டு, மூடி, நிழலில் வைத்தேன். குச்சி வைக்கிற மாதம் ஆடி. கார்த்திகையில் வைத்தால் அழுகும். மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாகக் கறுத்தன. கடைசிக் குச்சியை இழுத்தபோது தோல் மட்டும் கையோடு வந்தது.

மிச்சம் மூன்று கட்டைகள். அவற்றிலிருந்து தளிர் வந்தால் உண்டு, வராவிட்டால் அந்தக் கோடு இனி இல்லை. நாலு விரல் கட்டையில் ஒரு தளிர் வந்தால் ஒரு நத்தை ஒரே காலையில் அதை முடித்துவிடும்.

சண்டை நடந்த நான்காம் நாளே காலை ஆறு மணிக்குப் பின்கதவு திறந்தது. மாமி. கையில் அம்மிக் குழவி. நான் பின்னால் நகர்ந்தேன்.

"பயப்படாதே. உனக்கில்லை."

சாக்கைத் தூக்கினாள். அடியில் இருபது இருபத்தைந்து நத்தை இருக்கும். ஒன்றைக் கல்லில் வைத்துக் குழவியை இறக்கினாள். சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு கனம். என் சுத்தியலைவிடச் சுத்தமான வேலை.

"மாமி, மாமா நேந்துக்கிட்டது..."

"எங்காத்து மண்ணுலதான் கொல்லப்படாது. இது உன் மண்." இரண்டாவது. "ஒம்பது வருஷமா கரப்பானை முறத்துல ஏந்திண்டு போறேன். எலி என் பட்டுப்புடவையைக் கடிச்சுது, அதுக்கு வாழப்பழம் வெச்சுப் பிடிச்சு, பையில போட்டு பஸ்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். புள்ளையைப் பொழைக்க வெச்சது டாக்டர். நேர்ந்துண்டது இவர். மாட்டிண்டது நான்." மூன்றாவது, நான்காவது. அவள் முகத்தில் தெறித்ததைத் துடைக்கவில்லை. "அன்னிக்கு உன்னைத்தான் வெட்டணும்னு வந்தேன். கிட்ட வந்தா கை வரலை. அப்பறம் செடிதான் கெடச்சுது."

மதிலுக்கு அப்பாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "அங்க என்ன சத்தம்?"

"சட்னி அரைக்கறேன்" என்றாள் மாமி.

நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் வெட்டியதற்கும் கேட்கவில்லை, நான் அடித்ததற்கும் கேட்கவில்லை. மழை ஓயும்வரை தினமும் காலையில் வந்தாள். நான் பொறுக்கினேன், அவள் அடித்தாள். சில நாள் ஐந்து, சில நாள் முப்பது. மாமா தன் பக்கத்தில் பொறுக்குவதை மூடிபோட்ட வாளியில் வைத்து ஆட்டோவில் எங்கோ ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். எந்த ஆறு என்று சொல்வதில்லை. அந்த ஆற்றங்கரையில் வாழை வைத்திருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மாமியிடம் சொன்னபோது, "அவாளும் அடிக்கட்டும்" என்றாள்.

தையில் இரண்டு கட்டைகள் தளிர்த்தன. மூன்றாவதைத் தோண்டிப் பார்த்தேன், வேர் மக்கியிருந்தது. தளிரைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது. இலை எல்லா ரகத்துக்கும் ஒன்றுதான். அடியிலிருந்து வருகிற தளிர் பெரும்பாலும் கோட்டை மறந்ததாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். பூத்தால்தான் தெரியும், பூக்கப் பத்து மாதம். சித்திரையில் நிழல் கொடுத்தேன், ஆடியில் நுனி கிள்ளினேன். வேறு எந்தச் செடியையும் அந்த வருஷம் கவனிக்கவில்லை.

இந்தக் கார்த்திகையில் முதல் செடி பூத்தது. முழு ஊதா, ஒரு கிளை பாக்கியில்லாமல். ஐந்து நாள் காத்திருந்து பார்த்துவிட்டுப் பிடுங்கினேன். நன்றாக வேர் விட்டிருந்தது. இரண்டு காலையும் ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது.

அடுத்த செடி எட்டு நாள் கழித்துப் பூத்தது. நான்கு கிளை. மூன்று என் சுட்டுவிரல் பருமன், கொத்துக் கொத்தாக ஊதா. நான்காவது மண்ணை ஒட்டி, மற்றவற்றின் நிழலில், ஈர்க்குச்சி போல ஒன்று. அதில் ஒரே ஒரு பூ. இதழின் நடுவில் வெள்ளைக் கோடு. ஒன்றில் கொஞ்சம் கோணல், மற்றவை நேர்.

மாமியைக் கூப்பிட்டேன். என் கத்தரி அந்தப் பருமனுக்குப் போதாது. அவள் வெட்டுக்கத்தியோடு வந்து குனிந்து பார்த்தாள். மாமாவும் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். புருவத்தில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை.

"எதை?"

"தடியா இருக்கில்லா, அந்த மூணையும். அடியோட."

"பூத்து நிக்கறதையா? இந்த நோஞ்சானுக்காகவா?"

"ஆமா."

"முடியட்டும், நான் உள்ள போறேன்" என்றார் மாமா. போகவில்லை.

மெல்லிய கிளையை நான் இரண்டு விரலால் ஒதுக்கிப் பிடித்தேன். அதற்கும் பக்கத்துத் தண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. மாமி கத்தியை ஓங்கி, நிறுத்தினாள்.

"விரலை எடு. பட்டுடும்."

"எடுத்தா கிளை சாஞ்சிரும். வெட்டுங்க மாமி."

வெட்டினாள்.